சிங்கம் மாமா பார்த்த எருமை

12 யூன் 1987
போறன்! ஓகஸ்ற்றில் ஆபிரிக்கா! சிங்கம் மாமாவின் தம்பி தன்சானியாவில் கணக்கு வாத்தியார். மாமிக்கு லீவு இல்லை, மாமாவுக்குத் துணை நான். எரிமலை இடிந்து விழுந்த பள்ளம், அதற்குள் மிருகங்கள். இங்கோரோங்கோரோ! சொன்னாலே வாய் இனிக்கிறது.

19 யூன்
கம்பியூட்டரில் மோடம் போட்டு, ஃபோன் வயர் வழியாக புலட்டின் போர்ட்டில் எல்லாருக்கும் அறிவித்தேன். பக்கத்து ஊர் ஒஷாவாக்காரன் ஒருவன் பதில் எழுதினான்: காண்டாமிருகத்தைச் சுட்டே முடிக்கிறார்கள், இப்போது காணாவிட்டால் இனி இல்லை. ஐயோ, நான் கண்டே ஆகவேண்டும்.
கீழே மாமி: "உதைக் கழட்டடி, ஃபோன் எடுக்கேலாமக் கிடக்கு!"

3 யூலை
லைப்ரரிக் கசெற்றில் சுவாஹிலி. சிம்பா என்றால் சிங்கம். மாமா என்றால் அம்மா!
"அப்ப மாமியை என்னெண்டு கூப்பிடுவாங்கள்?" என்றார் மாமா.

11 ஓகஸ்ற்
கனவில் எங்கள் வீட்டடி ஸ்ரீல்ஸ் றோட்டால் ஒரு காண்டாமிருகம் பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

20 ஓகஸ்ற், பள்ளத்து விளிம்பில்
பாலுக்குள் இறங்குவதுபோல் பனிமூட்டத்துக்குள் இறங்கினோம். மூட்டம் விலக, வட்டமாய் இன்னொரு உலகம். ஏரிக்கரை முழுக்கப் பூநாரைகள், இளஞ்சிவப்பாய். சத்தமே இல்லை. நான் முழிப்போ, நித்திரையோ?
டிரைவர் கஸ்பர் காட்டோரம் நிறுத்தி, காண்டாமிருகம் வந்தால் இங்கேதான் என்றார். நான் முன்சீட்டில். பைனாகுலர் பின்னால், மாமாவின் மடியில். மாமா குறட்டை. எழுப்பக் கூப்பிட்டேன்:
"சிங்கம் மாமா! சிங்கம் மாமா!"
கஸ்பர் துள்ளினார். "சிம்பா மாமா?" தாய்ச் சிங்கம்! வண்டியைத் திருப்பிப் பறந்தார். நான் முன்னுக்குக் கையை நீட்டி "இல்லை, நில்லுங்கோ" எண்டு தமிழிலை கத்துறன். படிச்ச சுவாஹிலி ஒரு சொல்லும் வரேல்லை —
சிங்கமும் இல்லை. காண்டாமிருகமும் இல்லை. இருட்ட முன் மேலேற வேண்டும் என்றார்கள்.
அழுதன்.
"உதுக்கேன் அழுறாய் பிள்ளை? வண்டி திரும்பேக்கை பக்கத்திலை ஒரு எருமை நிண்டது. படமெடுத்தனான், தாறன்," என்றார் மாமா.

14 செப்ரெம்பர், திரும்ப வீட்டில், மில்லிக்கன்
கழுவக் கொடுத்த படங்கள் வந்தன. மாமாவின் எருமைக்கு மூக்கில் இரண்டு கொம்பு. பக்கத்தில் குட்டி. படத்தின் ஓரத்தில் என் பின்தலை, நீட்டிய கை.
"மூஞ்சை கொஞ்சம் ஒருமாதிரித்தான் கிடந்தது," என்றார் மாமா.
ஒஷாவாக்காரன் கேட்டிருந்தான்: கண்டாயா?
மோடம் போட்டு அடித்தேன்: அது என்னைக் கண்டது.