நண்டுக்கு நான் போடாத அம்பு

என் செல்லத் தம்பி றெஜி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. இன்று காலை நம் வீட்டு மேசையில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீ கடல்தொழிலுக்குப் போய்ப் பதினொரு மாதம். உன் படகை நயினாதீவுக்கு அப்பால் கண்டு கட்டியிழுத்து வந்தார்கள். வலை இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி இருந்தது, நீ இல்லை. அன்றிலிருந்து அம்மா மீன் தொடவில்லை. சுருவில் கடற்கரையில் பிறந்து வளர்ந்து, மீன் இல்லாத சோற்றைக் காய்ச்சலில் கிடக்கிற வருத்தக்காரர் சாப்பாடு என்று பழிக்கிற அம்மா! பருப்பும் முருங்கையிலையுமாக உடம்பு பாதியாகிவிட்டது. உடல் கிடைக்காவிட்டாலும் நீ போடுகிற நீலச் சேட்டையாவது சவப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்வோமா என்று மாமா கேட்டார். அம்மா அவரைப் படலைக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

நானும் மீன் தொடவில்லை. உன்னை வைத்துக்கொண்டிருக்கிற கடலில் பிடித்ததை எப்படி வாயில் வைப்பது? அம்மாவுக்கும் அதே அருவருப்புத்தான் என்று நினைத்திருந்தேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, நம் கடலின் உணவு வலையைப் பிறிஸ்டல் போட் மட்டையில் கீறிக்கொண்டிருந்தேன். மேலே சூரியன். அதிலிருந்து சாதாளைக்கு ஓர் அம்பு. நீ கரையில் அள்ளிவந்து தென்னைக்கு எருவாகப் புதைப்பாயே, அந்தக் கடற்புல்தான். சாதாளையிலிருந்து ஓரா மீனுக்கு, ஓராவிலிருந்து பாரை மீனுக்கு, பாரையிலிருந்து மனிதனுக்கு. ஓரத்தில் ஒரு நண்டு, அதிலிருந்தும் மனிதனுக்கு ஓர் அம்பு. மனிதனுக்கு உன்னுடைய தொப்பியைப் போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்காதே, கை தன்பாட்டில் போட்டுவிட்டது.

அம்மா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார். ஒவ்வோர் அம்பையும் விரலால் தடவிக்கொண்டு போனார்.

"ஓரா சாதாளை தின்னும், சரி. பாரை ஓராவைத் துரத்தும், அதுவும் சரி. நண்டு என்னத்தைத் தின்னும் எண்டு நீ போடேல்லையே, பிள்ளை?"

எத்தனை வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன்! நண்டு செத்ததைத் தின்னும். மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத பிரிகையாக்கி நுண்ணுயிர்கள் உப்பும் சத்துமாகப் பிரித்துக் கடலுக்கே கொடுத்துவிடும். நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். இன்று காலை அதை விட்டுச் சூரியனுக்கு இன்னொரு கதிர் கீறினேன்.

அம்மா என் கையிலிருந்த பேனையை வாங்கினார். தொப்பி போட்ட மனிதனில் வைத்து நண்டு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். நுனியில் அம்பும் போட்டார்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"ஏன் கத்துறாய்? கடற்கரையிலை பிறந்த எனக்குத் தெரியாததே? இந்தச் சத்தெல்லாம் பிறகு எங்கை போகும்?"

"திரும்பச் சாதாளைக்குத்தான். சுத்திச் சுத்தி வரும், அம்மா."

"எல்லாம் வருமோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். என் டீச்சர்ப் புத்தி விடவில்லை.

"வெயிலாலை வந்த சக்தி வராது. ஒவ்வொரு உடம்பிலையும் சூடாய்க் கழிஞ்சு போகும். அதைத் திருப்பிப் பிடிக்க ஏலாது."

"அப்ப அவன்ரை சூடு?"

"அது போயிட்டுது, அம்மா."

அம்மா மெல்லக் கதிரையில் இருந்தார். "நான் மீன் தின்னாதது அருவருப்பிலை எண்டோ நினைச்சனீ? அவன் உயிரோடை வந்தாப் பிறகுதான் வாயிலை வைப்பன் எண்டு மாதாவுக்கு நேர்ந்தனான்."

தம்பி, யோசித்துப் பார். ஒரே கூரைக்குள், ஒரே சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, அம்மா உன்னை உயிரோடு எதிர்பார்த்திருந்தார். நான் முதல் கிழமையிலேயே மனதுக்குள் உன்னைச் சாகக் கொடுத்துவிட்டேன். அந்த நம்பிக்கையை என் வாயாலேயே முடித்துவிட்டேனா? ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை காலம் அம்மா பருப்போடு காத்திருப்பார்?

மத்தியானம் அம்மா தானே பக்கத்து வீட்டுக்குப் போய் நாலு ஓரா வாங்கி வந்தார். அங்கே நண்டும் இருந்ததாம், அதை வாங்கவில்லை. குசினியில் யாரையும் கிட்ட விடாமல் குழம்பு வைத்தார். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, முள்ளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, கண்ணீர் சோற்றுக் கோப்பையில் விழ விழச் சாப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. என் கோப்பை அப்படியே கிடந்தது.

கை கழுவி வந்து சொன்னார்: "நாளைக்குச் சுவாமியைக் கண்டு, சேமக்காலையிலை அவனுக்கு ஒரு இடம் கேள்."

பங்குச் சுவாமியாரிடம் போய் உன் கல்லறைக்கு இடம் கேட்பேன், றெஜி. அந்த நீலச் சேட்டை நானே தோய்த்து மடித்துக் கொண்டுபோவேன். உன்னை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நானும் மீன் சாப்பிடுவேன். தொண்டையில் இறங்காவிட்டாலும் இறக்குவேன். அம்மாவை இனித் தனியே சாப்பிட விடமாட்டேன்.

இனி வருடத்துக்கு வருடம் உன்னைவிட இன்னும் மூத்துக்கொண்டே போகிற,
உன் அக்கா