தையல்காரர் மகளின் ஐந்து நட்சத்திரங்கள்

ஜூலை 7, திங்கள்

என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் கதையை வாய்விட்டு வாசித்தால் செயலி கேட்டு நட்சத்திரம் போடும். காலையில் என் கணினியில் வந்து நிற்கும். இன்று தையல்காரர் மகளுக்கு ஐந்துக்கு ஐந்து. பள்ளி திறந்தபோது ஒரு வரியைத் தாண்டவே மூச்சு வாங்கியவள். யாருக்குக் காது குத்துகிறாள்?

என் மகளுக்கும் ஐந்து. அவளும் இதே வகுப்புதான். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தையல்காரர் மகளுக்கு மறுபடி ஐந்து. அவளுக்கு ஒரு அக்கா உண்டு, எட்டாம் வகுப்பு. சரிதான்.

ஜூலை 10, வியாழன்

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "அக்கா படிச்சது உறுதியானா டேப்ப வாங்கி வச்சிடுங்க. வாசிக்க வராதவங்களுக்கான தனிப் பயிற்சிக்கு யார் யார்னு அடுத்த வெள்ளிக்குள்ள லிஸ்ட் குடுங்க" என்றார். வீட்டில் கணவர், "உனக்கு யாரப் பாத்தாலும் திருட்டு முழிதான் தெரியும்" என்கிறார். இருக்கட்டும். பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டுகளில் அப்பாக்கள் எழுதித் தரும் கையெழுத்தைப் பதினாறு வருஷமாகப் பார்த்துவருகிறவள் நான்.

ஜூலை 14, திங்கள்

பையின் ஜிப் அறுந்ததைச் சாக்கு வைத்துத் தையற்கடைக்குப் போனேன். (அறுத்தது நான்தான்.) துணி வெட்டும் மேஜைக்கு அடியில் அவள் டேப்லெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அக்காவைக் காணோம். தையல்காரர் தலையைத் தூக்காமலே, "ஒரே கதைய நாலு தடவ திருப்பித் திருப்பிச் சொல்றா டீச்சர். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார்.

மனப்பாடம். அப்படிப் போடு.

ஜூலை 15, செவ்வாய்

செயலியில் 'கேள்' பொத்தானை அமுக்கினால் அதுவே கதையை வாசித்துக் காட்டும். அதைக் கேட்டு அப்படியே ஒப்பித்தாலும் நட்சத்திரம் விழும். இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

இந்த வாரம் செயலியில் எல்லாரும் வாசிக்கும் நரிக்கதையின் சொற்களைக் கலைத்துப் போட்டு, புது வரிகளாக ஒரு தாளில் எழுதினேன். படம் மட்டும் பழைய படம். அவளை மட்டும் கூப்பிட்டால் நன்றாக இருக்காது. எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடப்போகிறேன்.

ஜூலை 16, புதன்

தையல்காரர் மகள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசித்தாள். மெதுவாக. ஆனால் எல்லாம் சரி. பாதியில் நிமிர்ந்து, "கதையில நரி ஓடும் டீச்சர். இங்க தூங்குதுன்னு இருக்கு. மாத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

'கேள்' பொத்தானை அமுக்குவாயா என்றேன்.

"என் டேப்ல சத்தமே வராது டீச்சர். மொத நாளே சொன்னேனே."

சொன்னாள். அப்புறம் பார்க்கலாம் என்றது நான்தான்.

கடைசியாக என் மகள். தாளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். மளமளவென்று ஆரம்பித்தாள், ஏற்ற இறக்கத்தோடு, அந்தச் செயலியின் குரல் மாதிரியே. தாளில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

'தூங்குகிறது' என்ற சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேட்டேன். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"ஓடுகிறது."

ஜூலை 17, வியாழன்

என் மகள் ஒரு கதைக்கு முப்பது தடவை 'கேள்' அமுக்கியிருக்கிறாள். இன்றுதான் தேடிப் பார்த்தேன், எல்லாம் கணினியில் பதிவாகியிருக்கிறது. மற்றவர்கள் நட்சத்திரத்தையெல்லாம் குடைந்து பார்த்தவள், இவளுடையதை ஒரு நாளும் சந்தேகிக்கவில்லை. என் பொண்ணுக்குப் படிக்க வரல. ரெண்டு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியல. என்ன டீச்சர் நான்? என்ன அம்மா—

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அஞ்சு வந்தா நீ சிரிக்கிறியேம்மா" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

பட்டியலைக் கொடுத்தேன். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி, "இது உங்க பொண்ணாச்சே" என்றார். ஆமாம் என்றேன்.

தனிப் பயிற்சியில் தடுமாறுகிறவர் பக்கத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும். தையல்காரர் மகளைக் கூப்பிட்டு, என் மகளோடு சேர்ந்து வாசிக்கிறாயா என்று கேட்டேன். அவள் என் கையில் தாள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இதுவும் டெஸ்ட்டா டீச்சர்?"

இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.