யாரும் கீழே வர வேண்டாம்

மார்ச் 4, செவ்வாய்

கடலோரப் பள்ளியில் இன்று சுனாமி அலை ஒத்திகை. தொங்கவிட்டிருக்கும் காலி காஸ் சிலிண்டரைக் கம்பியால் அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக மேலே தோட்டச் சாலைக்கு ஏற வேண்டும். ஏற முடியவில்லை. சத்தம் கேட்ட மறுநிமிடம் ஊரிலுள்ள சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரும் பிள்ளையைத் தூக்க வண்டியோடு இறங்கிவிட்டார்கள். ஒரு வண்டி மட்டும் போகும் சந்து. ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் பள்ளம். எங்கள் வீட்டிலிருந்தே மூன்று வண்டி, என் மகள் சலோத்தே ஒருத்திக்காக. ஏழு வயதுக்காரிக்கு இத்தனை பரிவாரம்!

வெறும் ஒத்திகை என்று தெரிந்தும் போனார்கள். வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் மாட்டிக்கொண்டிருக்காவிட்டால் நானும்தான் போயிருப்பேன். 2009இல் எங்கள் தீவை அடித்த சுனாமியைப் பார்த்தவர்களுக்குக் கால் தானாக ஓடும்.

மார்ச் 6, வியாழன்

பெற்றோர் கூட்டம். ஆசிரியை வைலுவாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். ஊர்த் தலைவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, குரல் நடுங்கத்தான் பேசினாள். வீட்டுக்கு ஒரே ஒரு ஆள், அவரும் மேலே சந்து தோட்டச் சாலையில் சேரும் வளைவில் காத்திருக்க வேண்டும், மற்றவர்கள் அவரவர் இடத்திலிருந்தே மேட்டுக்கு ஏறிக்கொள்ள வேண்டும் என்றாள்.

“பெத்தவங்களா இருந்தாலும் கீழ வராதீங்க. நீங்க வந்தா வழி அடைபடும். பிள்ளைங்க கீழேயே நின்னுடுவாங்க.”

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச் முடிந்து சாப்பாட்டின்போது எங்கள் வீட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. நான் இல்லை, வேலை நாலு மைல் தள்ளி. வளைவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் என்று, பேருந்து ஓட்டும் என் கொழுந்தன் நிக்கோவைப் போட்டார்கள். நிக்கோ! சுதந்திர தின ஊர்வலத்தில் என் மகளை ஐஸ் கடையில் மறந்துவிட்டுப் பேருந்தை எடுத்துக்கொண்டு போனவன். நியூசிலாந்தில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கத்தினேன். சிரிக்கிறார். தம்பியாம். மாறிவிட்டானாம்.

மார்ச் 11, செவ்வாய்

சலோத்தேயிடம் சொல்லிவிட்டேன். தரை ஆடினால் டீச்சர் கையை விடக் கூடாது, எனக்காக நிற்கக் கூடாது.

“நீ வர மாட்டியா?”

“வர மாட்டேன்.”

அவள் அவித்த ஈரப்பலாக் காயைத் தின்னப் போய்விட்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 20, வியாழன்

அலை வந்தால் எடுத்துக்கொண்டு ஓடக் கதவோரம் ஒரு பை மாட்டியாயிற்று: தண்ணீர், சலோத்தேயின் இழுப்பு மருந்து, டார்ச், எங்கள் போன் எண்கள் எழுதிய தாள், பிஸ்கட். பிஸ்கட் மட்டும் ரெண்டு தடவை காலி.

மே 14, புதன்

எல்லோரும் நலம். முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

பத்தே முக்காலுக்குத் தரை ஆடியது. நிற்க முடியாத ஆட்டம், நிற்காத ஆட்டம். அலமாரித் தட்டுகள் எல்லாம் கீழே. ஹோட்டலில் தங்கியிருந்தவர்களைத் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். அதுவரை நான் வைலுவா சொன்னபடிதான் நடந்தேன். மேலே போனால் போனில் சிக்னல் இல்லை. ஹோட்டல் தோட்டக்காரன் தவித்தா பிக்கப்பைக் கிளப்பினான், நான் ஏறிவிட்டேன். ஏன் ஏறினாய் என்று என்னையே கேட்கிறேன். என் பிள்ளை, வேறென்ன?

தோட்டச் சாலை வழியாகவே பள்ளி வளைவுக்குப் போனோம். ஆறேழு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கின்றன. சந்தின் வாயில் நிக்கோவின் பேருந்து குறுக்கே நிற்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு பிள்ளை நுழையும் இடம்தான். அந்த இடைவெளியில் இவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். சர்ச் போதகர் கெஞ்சுகிறார், அவரையும் விடவில்லை. பேருந்தை எடுடா என்று யாரோ கத்த, சாவியை மரவள்ளித் தோட்டத்தில் வீசிவிட்டேன் என்கிறான்.

நான் போய் அவன் கன்னத்தில் அறைந்தேன். ஊர் பார்க்க. அவன் நகரவில்லை.

“இன்னும் ரெண்டு வேணும்னா அடிங்க அண்ணி. கீழ மட்டும் போகாதீங்க.”

இன்னொன்றும் அடித்தேன். எழுதக் கை கூசுகிறது.

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால் பாட்டுச் சத்தம். பிள்ளைகள்! ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வந்தார்கள். நிக்கோ தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். நூற்று நாலு. கடைசியாக வைலுவா, முதுகில் ஒரு பொடியனோடு.

சலோத்தே என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “நீ வர மாட்டேன்னு சொன்னியே. ஏம்மா வந்த?”

கட்டிக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்துக் கடல் வந்தது. பெரிய அலை இல்லை. ஆனால் அந்தச் சந்தில் இடுப்பளவு தண்ணீர் சுவரோடு சுவராக ஏறியதை மேலிருந்து எல்லோரும் பார்த்தோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

மே 15, வியாழன்

பள்ளியில் சேறு அள்ளினோம். புத்தகங்கள் போயின, வேலி போயிற்று. பிள்ளைகள் இருக்கிறார்கள். இதையே பத்துத் தடவை எழுதலாம் போலிருக்கிறது.

மே 16, வெள்ளி

சாவி கிடைத்துவிட்டது. இரண்டு நாள் ஊரே மரவள்ளிச் செடிகளுக்குள் தவழ்ந்தது. கடைசியில் போதகரின் மனைவிதான் எடுத்தார். வீசும்போது கொஞ்சம் கிட்டக்க வீசியிருக்கலாமே என்று நிக்கோவைக் கேட்டாராம்.

மே 18, ஞாயிறு

நிக்கோவுக்குப் பிடித்த, கோக்கோவும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இனிப்புக் கோக்கோச் சோறு செய்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் தட்டைப் பார்த்தபடியே, “நீங்க கீழ போயிருந்தா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றான். அவன் குரல் உடைந்தது. அன்றைக்கு அவனும் பயந்திருக்கிறான். அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் தடவை வேண்டுமா என்று கேட்காமலே சோற்றை அள்ளிப் போட்டேன்.

ஜூலை 2, புதன்

பத்து மணிக்கு மறுபடி ஒத்திகை. நான் சமையலறையில் மீன் அரிந்துகொண்டிருந்தேன். தவித்தா சன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பிக்கப் சாவியைக் காட்டினான், வேண்டாம் என்று தலையாட்டினேன். பத்தரைக்கு நிக்கோவிடமிருந்து செய்தி வந்தது.

“பிள்ளைங்க பதினோரு நிமிஷத்துல மேல வந்துட்டாங்க. கீழ இறங்க ஒரு வண்டிகூட வரல அண்ணி. மறிக்க ஆளே இல்லாம சும்மா நின்னு போரடிச்சுது.”

படித்துவிட்டு, மிச்ச மீனை அரிந்தேன்.