தரையில் பட்ட கத்திமுனை

மாமாவுக்கு மருமகளின் வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

உங்கள் பேத்தி வாள்வீச்சுப் போட்டிக்கு நான் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊருக்கே வந்தாளே, சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பல நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கத்திமுனை எதிராளி மேல் பட்டால் விளக்கு எரியும், அது ஒரு புள்ளி. இருவருக்கும் பதினாலு. கடைசிப் புள்ளிக்கு நம்மவள் பக்கம்தான் எரிந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆள் காதைப் பொத்திக்கொண்டார்.

இவளோ முகமூடியைக் கழற்றி நடுவரிடம் தரையைக் காட்டினாள். முனை தரையில்தான் பட்டதாம்; தரையில் அழுந்தினாலும் விளக்கு எரிந்துவிடுமாம். புள்ளியை எடுத்துவிட்டார்கள். அடுத்த குத்தில் தோற்றுப்போனாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏண்டி, லைட்டுதான் எரிஞ்சுதே, பேசாம இருந்தா என்ன?"

"லைட்டுக்கு என்னம்மா தெரியும்? எனக்குத் தெரியுமே."

தராசு முள் அசையாமல் நிற்கும் வரை பொட்டலம் கட்டாத உங்கள் மகனே எதிரில் நின்று பேசின மாதிரி இருந்தது. அவர் போனபோது முகம் பார்க்க வர முடியாத பாவி நான். அன்று பார்த்துவிட்டேன், மாமா. தோற்ற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஒரு வேலை செய்யுங்கள். அவள் காலணி விரலை நெருக்குகிறது, வண்டி ஏறும்போதுதான் கவனித்தேன், சொல்லாமல் ஆடியிருக்கிறாள். பெற்றவளுக்கு அவள் கால் அளவு தெரியவில்லை. ஒரு தாளில் அவள் பாதத்தை வைத்து வரைந்து அனுப்புங்கள். பேனாவால் வரையுங்கள், பென்சில் அழிந்துவிடும். காலணி வாங்கின பிறகு அந்தத் தாள் என்னிடமே இருக்கட்டும்.

இயந்திரம் நின்றுவிட்டது, துணி எடுக்க வேண்டும்.

உங்கள் மருமகள்