டோலக்கோடு ஒட்டிய குரல்

இன்று காலை எங்கள் அடுக்கக லிஃப்டில் புது இலவம்பஞ்சு வாசனை. யாரோ மெத்தை வாங்கி மேலே ஏற்றியிருக்கிறார்கள். என் தளம் வந்து கதவு திறந்தும் இறங்காமல் நின்றிருக்கிறேன். "இறங்கலையா தம்பி?" என்று பக்கத்திலிருந்த அம்மா கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இருந்திருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பாய் என்பது வேறு விஷயம்.

தெற்கிலிருந்து வேலைக்கு வந்து அயனம்பாக்கத்தில் குடியேறிய புதிதில், மெத்தை வாங்கத்தான் கரையான்சாவடியில் உன் கடைக்கு வந்தேன். நீ துணியை அளந்துகொண்டிருந்தாய். நான் எதையோ முணுமுணுத்திருக்கிறேன். சட்டென்று நிமிர்ந்தாய்.

"இன்னா பாட்டு சார் அது? புதுப் படமா?"

"இல்லை, நானே எழுதினது."

"அப்பறம் இன்னாத்துக்கு வாய்க்குள்ளயே பாடுற? தொறந்து பாடு மாமே!"

ஒரே பேச்சில் 'சார்' போய் 'மாமே' வந்துவிட்டது. கல்யாணக் கச்சேரிகளில் பல வருஷம் டோலக் வாசித்தவன் நீ என்பதை அன்றுதான் சொன்னாய். நானும் மனம் விட்டுச் சொன்னேன். ஆறு பாட்டு கையில் இருக்கிறது, நானே ஒலிப்பதிவு செய்து வெளியிட ஆசை. ஆனால் வீட்டில் மைக்கை வைத்தால் குக்கர் விசிலும் தண்ணீர் லாரியும்தான் பதிவாகின்றன என்றேன். நீ என்னைக் கடைக்குப் பின்னால் இருந்த குடோனுக்கு அழைத்துப் போனாய். நாலு சுவருக்கும் மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தாய். நடுவில் நின்று கையைத் தட்டினாய். சத்தம் எழும்பிய இடத்திலேயே அடங்கியது.

"பாத்தியா? ரோட்ல பஸ் போவுது, காதுல உழுதா? இதாம் மாமே நம்ம ஸ்டூடியோ."

வெள்ளிக்கிழமைகளில் நீ தொழுகை முடிந்துதான் கடை திறப்பாய். எனக்கும் அம்பத்தூரில் மதிய ஷிஃப்ட். அந்தக் காலை நேரங்கள் நமக்கென்று ஆயின. இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்காருவோம். இருப்பது ஒரே மைக். முதலில் நீ டோலக்கை வாசித்து முடிப்பாய், பிறகு அதைக் கேட்டபடி நான் பாடுவேன். பாட்டு நன்றாகக் கூடிவரும் நேரத்தில் பஞ்சு மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வரும். "போச்சு, இத்தையும் ஆல்பத்துல சேத்துக்கலாம்" என்று மெத்தைமேல் விழுந்து சிரிப்பாய். ஐந்து பாட்டுகள் இப்படித்தான் முடிந்தன.

ஆறாவது பாட்டுக்கு உட்கார்ந்த அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. 'ஏரி நெறஞ்சா சொல்லி அனுப்பு' என்று தொடங்கும் அந்தப் பாட்டு அங்கங்கே நின்று நின்று போகும்; பாட்டு இல்லாமல் தாளத்தை மட்டும் வாசிக்க வராது. "நானே பாடிக்கினு வாசிக்கறேன். தொண்டை சரியானதும் நீ பாடிக்க" என்றாய். மைக்கை உன் முன் வைத்தேன். நீ பாடினாய். எழுதியவன் நான், ஆனால் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது போல இருந்தது. பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்தினேன்.

"இது இப்படியே இருக்கட்டும்டா" என்றேன்.

உன் முகம் மாறியது. "வோணாம் மாமே. நான் பாட்டுக்காரன் இல்ல. என் கொரல எடுத்துட்டு நீ பாடிடு."

ஏன் என்று கேட்டேன். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள், கடையில் சரக்கு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று உன் தம்பி போன் செய்தான். அடக்கத்தில் எங்கே நிற்பது, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் மண் அள்ளிப் போட்டார்கள், நானும் போட்டேன்.

வெகுநாள் கழித்துத்தான் அந்தப் பதிவைத் திறந்தேன். நீ சொன்னபடி குரலை எடுத்துவிடலாம் என்று பார்த்தால் எடுக்க வழியில்லை. ஒரே மைக்கில் பாடிக்கொண்டே வாசித்தாய் அல்லவா? உன் குரல் டோலக்கோடு ஒட்டிக் கிடந்தது. குரலை எடுத்தால் தாளமும் போகும். அப்போதுதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது. எத்தனை மேடைகளில் மைக்கின் முன் உட்கார்ந்தவன் நீ! இது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் எடுக்கச் சொன்னாயா?

முடிவெடுக்கத் தெரியாமல், கடை மாடியில் இருக்கும் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். பாதிப் பாட்டில் கழற்றிவிட்டுக் கேட்டார்: "யாருண்ணே பாடறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன்தாம்மா."

"அவரா? ஊட்ல அவரு பாடி நான் கேட்டதே இல்லியே!"

மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். நீ குரலை எடுக்கச் சொன்னதையும், எடுக்க முடியாமல் இருப்பதையும் சொன்னேன்.

"அவரு வோணாம்னாருன்னா எடுத்துடுங்க. எடுக்க முடியாதுன்னா..." என்று நிறுத்தினார். "எனக்கும் இன்னா சொல்றதுன்னு தெரியலண்ணே."

கடைசியில் உன் தம்பியிடம் சாவி வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை அதே குடோனில் உன் குரல்மேலேயே பாடினேன். உன்னை மூடிவிடலாம் என்று நினைத்துத்தான் பாடினேன். ஹெட்ஃபோனில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ மூச்சிழுப்பது கேட்டது. நான் முந்தினால் நீ பின்னால் தனியாக நின்றாய். திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்துவிட்டு, உன் மூச்சோடு போனால்தான் பாட்டு நிற்கும் என்று விளங்கி, அப்படியே போனேன்.

ஆறு பாட்டுகளையும் இணையத்தில் வெளியிட்டுவிட்டேன். டோலக் என்ற இடத்தில் உன் பெயர். குரல் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான். நீ வேண்டாம் என்றாயே. கேட்ட ஒருவர், 'பின்னால் மெதுவாகப் பாடுவது யார்?' என்று எழுதியிருந்தார். பதிலில் உன் பெயரை டைப் செய்தேன், அழித்தேன். இன்னும் பதில் போடவில்லை.

உன் மனைவி போன் செய்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பாடுனீங்களாண்ணே?"

"இல்லம்மா. அவன் தனியா, நான் தனியா."

"கேட்டா அப்டித் தெரியலியே" என்றார்.

நீ சொன்னதைக் கேட்டேனா, மீறினேனா? சில நாள் கேட்டேன் என்று தோன்றுகிறது, சில நாள் மீறிவிட்டேன் என்று. ஒன்று மட்டும் பழகிவிட்டது. இப்போது எந்தப் பாட்டு பாடினாலும், நீ மூச்சிழுக்கும் நேரத்தை விட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். நீ இல்லாத பாட்டுகளிலும் அப்படித்தான்.