கென்ஜிக்கு நான் எண்ணிய மூன்று

ஜூலை 12, சனி. நோபல் பார்க்.

இன்று ஜப்பான்காரரான மூத்த வீரர் கென்ஜியின் கடைசி மல்யுத்தக் காட்சி; யார் வெல்வதென்று முன்பே பேசிவைத்து ஆடுவது. ரயன்தான் வெல்ல வேண்டுமென்று, போட்டியை நடத்தும் அவன் தகப்பன் முன்பே சொல்லியிருந்தார். நடுவரான நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் போன மாதம் இதே ரயன், பேசிவைத்ததை மீறி உதைத்துக் கென்ஜியின் விலா எலும்பை உடைத்தான். உடைத்துவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கென்ஜி அவனைச் சாய்த்து அமுக்கினார். தோள் தரையில் பட்டிருக்க நடுவர் மூன்று எண்ணிவிட்டால் தோல்வி; அதற்குள் ரயன் தோளைத் தூக்குவதாக ஏற்பாடு. நான் காத்திருக்கவில்லை. கடகடவென்று எண்ணி மணியடிக்கச் சொல்லிவிட்டேன். ரயனின் முகம் செத்துப்போயிற்று. அப்பாடா!

உடைமாற்றும் அறையில், எப்போதும் குனிந்து வணங்கும் கென்ஜி இன்று வணங்கவில்லை. "ஓய்வு பெறுகிறவன் இளையவனிடம் தோற்றுவிட்டுப் போவதுதான் எங்கள் மரியாதை. அதைக் கெடுத்துவிட்டாய்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "உங்களுக்கு என்ன விசரே? அந்த மனுசனிட்ட மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள்.

கேட்கத்தான் வேண்டும். நாளைக்குக் கேட்கிறேன். இன்றைக்கு ரயனின் அந்த முகத்தை மனதுக்குள் இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப்போகிறேன்.