மழையில் நனைந்த யானை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் நம் பேத்தி வாலுவும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும். என் தொண்டை நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், குரல் மட்டும் இனி இப்படித்தானாம், எண்ணெய் காணாத கதவு மாதிரி. ஆள் பிழைத்ததே பெரிசு, குரல் கிடக்கிறது என்கிறாள் உன் அம்மா. நீ அனுப்பிய மார்க்கர் பெட்டி போன மாதமே வந்துவிட்டது. அப்பா வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டட்டும் என்றுதானே அனுப்பினாய். முதல் நாள் சிவப்பில் ‘டீ’ என்று எழுதி அடுப்படியில் போய் நீட்டினேன், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடி ஹால்ல இருக்கு, என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லுங்க என்றாள். எழுதிக் காட்டும் கதை அன்றோடு முடிந்தது.

பெட்டியை மறுபடி திறந்த காரணத்தை உன்னிடம் மறைப்பானேன். ஆபரேஷன் முடிந்து முதல் தடவை வீடியோவில் நான் ‘கண்ணு’ என்று கூப்பிட்டதும் வாலு அலறியடித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் ஓடினாளே, அதற்குப் பிறகு நீ போன் செய்யும் போதெல்லாம் எனக்கு மொட்டை மாடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிடும். துணியே காயப் போடாத நாளிலும் போயிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனாலும் உனக்குத் தெரிந்திருக்கும். மூன்றரை வயதுப் பிள்ளையை என்ன சொல்ல முடியும், மனசுதான் கேட்கவில்லை. அவளுக்கு யானை என்றால் உயிராயிற்றே, வாயைத் திறக்காமல் ஒரு யானையைக் காட்டியாவது அவளைப் போன் பக்கம் வரவழைக்கலாம் என்று வரைய உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் கை ஒத்துழைக்க வேண்டுமே. முப்பத்தோரு வருஷம் பார்சல் ஆபீஸில் மூன்று கார்பன் வைத்து ரசீது எழுதிய கை, அடிக்காப்பி வரைக்கும் விழ வேண்டும் என்று அழுத்தி அழுத்திப் பழகியது. இரண்டே நாளில் சாம்பல் நிற மார்க்கரின் முனை பழைய பல் பிரஷ் மாதிரி விரிந்துவிட்டது, மை தாளைத் தாண்டி, அடுத்த தாளையும் தாண்டி, மேஜைவிரிப்பில் போய்ப் படிந்தது. நீங்க ஆபீஸை விட்டாலும் ஆபீஸ் உங்களை விட மாட்டேங்குதே என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முனை விரிந்ததை எடுத்துக்கொண்டு தெருமுனை ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐயா, இதை அழுத்தவே கூடாது, சும்மா தடவுங்க, மை தானா இறங்கும் என்றாள். அடியில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளச் சொன்னாள், வெளிர் நிறத்தை முதலில் போட்டு அடர்த்தியானதைக் கடைசியில் போடச் சொன்னாள். முக்கியமாக, ஒரு கோடு ஈரமாக இருக்கும்போதே அடுத்த கோட்டை அதன் ஓரத்தில் உரசிக்கொண்டு இழுக்க வேண்டுமாம், காயவிட்டால் சேருமிடம் பட்டை பட்டையாகக் கறுத்துவிடும். நானோ கறுத்ததைச் சரிசெய்கிறேன் என்று அதன் மேலேயே தேய்த்துத் தாளைப் பஞ்சாக்கினேன். இருபது யானை போட்டிருப்பேன். ஒன்றைப் பார்த்துவிட்டு, அப்படியே உங்க அண்ணன் ஜாடை என்றாள் உன் அம்மா. சும்மா சொல்லக் கூடாது, அது உண்மைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மாப்பிள்ளை சொல்லியிருப்பார், நீ டியூட்டிக்குப் போயிருந்தாய். இருந்தாலும் நானே சொன்னால்தான் எனக்கு ஆறும். அன்று காலையில் வரைந்த யானை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, பாதி வயிற்றில் சிலிண்டர்காரர் மணியடித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் மை காய்ந்து வயிறு முழுக்க நெட்டுக்குத்தாகப் பட்டை. இதைக் காட்டாதே என்று ஒளித்து வைத்ததை உன் அம்மா பிடுங்கிப் போன் முன்னால் நீட்டிவிட்டாள். நான் ஓரத்தில், முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வாலு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம், யானை மழையில நனையுது, பாவம், குடை குடு பாட்டி என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, மறந்துபோய்ச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சத்தம்தான், அன்றைக்கு அவளை ஓட வைத்த அதே சத்தம். நான் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தேவிட்டேன். பிறகு வாலு மாப்பிள்ளையிடம் மெதுவாக, அப்பா, யானை கத்துச்சு, இன்னொரு தடவை கத்தச் சொல்லு என்றாள்.

கத்தினேன் அம்மா. வெட்கமில்லாமல் ஏழு தடவை கத்தினேன். கடைசித் தடவை முகத்தைக் காட்டிக்கொண்டே கத்தினேன், அவள் ஓடவில்லை, போனுக்கு முத்தம் கொடுத்தாள். பெற்ற மகளுக்கு நன்றி சொன்னால் அந்நியமாகிவிடும் என்பார்கள், ஆகட்டும், உனக்குக் கோடி நன்றி. நீ பெட்டி அனுப்பாமல் இருந்திருந்தால் நான் இன்னும் மாடியில் வெறுங்கொடியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, டியூட்டி முடிந்து வந்ததும் கொஞ்சம் காலை நீட்டிப் படு. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். சாம்பல் நிறம் மட்டும் இரண்டு வாங்கி அனுப்பு, மறந்துவிடாதே. இந்தத் தாளில் அங்கங்கே தெரியும் புள்ளிகள் மேல்தாளில் போட்ட யானையின் கால், அட்டை வைக்க மறந்துவிட்டேன். வருகிற ஞாயிறு எந்த நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு, போனை நானே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வாலுவின் யானை